முற்றிய கொடியில் வரும் துளிர்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் நான் கம்பம் பள்ளத்தாக்கில், அம்மா இருக்கும் ராயப்பன்பட்டியில் இருப்பேன். பனிமய மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் வேலைகள் தொடங்கியிருக்கும். இந்த ஆண்டு மாதத்தில் பாதி நாள் எனக்கு இங்கேதான் கழிந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தம்பியின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் போதவில்லை, மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் இந்த மூன்று காரணங்களைச் சொன்னேன். நான்காவது ஒன்று உண்டு. எனக்கு ஐம்பது வயது. இதுவரை வாழ்ந்த மாதிரியே மிச்சத்தையும் வாழ எனக்கு மனமில்லை. இதை வாய்விட்டுச் சொல்லத்தான் இத்தனை மாதமாயிற்று.

உடம்பு முதலில் சொல்லிவிட்டது. நடுராத்திரியில் முதுகெல்லாம் வியர்த்து எழுந்து உட்காருவேன். காரணமில்லாமல் கண் கலங்கும். மேலைநாடுகளில் பெண்களுக்குச் சுமார் 51 வயதில் மாதவிடாய் நிற்கிறது என்றால், நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளைகளின் பரீட்சை, மாமனார் மாமியாரின் மருத்துவச் செலவு, வேலையிடத்துப் பொறுப்பு எல்லாம் ஒன்றாக வந்து நெருக்கும் வருஷங்கள் அவை. "அந்தக் காலத்துல நாங்க இதெல்லாம் யார்கிட்டடி சொன்னோம்?" என்றார் அம்மா. சொல்லாமலே அந்த வயதைக் கடந்த பெண்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதுகிறேன்.

பொருளாதார அறிஞர்கள் டேவிட் பிளாஞ்ச்பிளவரும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் பல நாட்டு மக்களின் மனநிறைவை ஒப்பிட்டு 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இளமையில் உயர்ந்திருக்கும் நிறைவு நாற்பதுகளில் அடிமட்டத்துக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறுகிறது என்பது அவர்கள் கண்டது. படித்தபோது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அது தானாக ஏறட்டும் என்று காத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் நடுவயதைப் பற்றிப் பேசினால், அணை கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கை விட்டுவிட முடியாது. 1841 ஜனவரி 15-இல் பிறந்தவர். முல்லைப் பெரியாறு அணை வேலை 1887-இல் தொடங்கியபோது அவருக்கு 46 வயது. கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, காட்டுக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போனது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டபோது அவருக்கு 54. இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரால்தான். தைப்பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடும் தேனி மாவட்டத்து மக்கள் நன்றியோடு நினைப்பது, அவருடைய அந்த நடுவயதுக் காலத்தைத்தான். அந்த வேலையில் உயிர்விட்ட கூலிக்காரர்களுக்கும் அதே நன்றி உண்டு.

எனக்கு இந்த ஆண்டு பாடம் சொன்னது தோட்டம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படித்திருப்பீர்கள். கொடியை வெட்டிக் கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் இங்கே பழம் வெட்டிவிடலாம். இரண்டு வருஷத்தில் ஐந்து வெள்ளாமை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் வேறு என்பதால் சண்முகாநதி அணைப் பக்கம் நடந்து போனால், ஒரு பந்தல் மொட்டையாக நிற்கும், அடுத்தது பூவில் இருக்கும், அதற்கடுத்ததில் கறுத்த குலைகள் தொங்கும். கத்தரியோடு பந்தலுக்கடியில் நான் முதன்முதலில் நின்றபோது, வருஷக்கணக்காக இந்த வேலை பார்க்கும் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: "பச்சைக் கொடிய நம்பாதீங்கக்கா. பழுப்பேறி முத்துன கொடியாப் பாத்து, கணு எண்ணி விட்டு வெட்டுங்க. அதுலருந்து வர்ற துளிர்லதான் குலை வரும்." பச்சைத் தண்டில் குலை எதிர்பார்க்க முடியாது. பழைய அடிமரத்திலும் வராது. போன பருவத்தில் வளர்ந்து முற்றிய கொடி, அதில் வரும் புதுத் துளிர், இரண்டும் சேர்ந்தால்தான் வெள்ளாமை. ஐம்பது வயதில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புது ஆளாக வேண்டும் என்று சொல்கிறவர்களை இனி நான் நம்ப மாட்டேன். இருபத்தைந்து ஆண்டு பத்திரிகை வேலையில் பழகிய பொறுமையும் குறிப்பெடுக்கும் பழக்கமும்தான் எனக்குத் தோட்டத்திலும் கை கொடுத்தன.

ஆனால் இதில் என் சாமர்த்தியம் பாதிதான். மீதி வீட்டில் இருக்கிறவர்களுடையது. எங்கள் மதுரை வீட்டில் சமையலறையை என் கணவர் எடுத்துக்கொண்டார். மாமியாரின் மாத்திரை வேளைகளை மகன் பார்த்துக்கொள்கிறான். தம்பி மனைவி, "அண்ணி, நீங்க எழுதுற வேலையப் பாருங்க, அத்தைய நான் பாத்துக்கிறேன்" என்று எனக்கொரு மேஜை போட்டுக் கொடுத்தாள். இவர்கள் இடம் கொடுக்காமல் நான் மட்டும் மாற நினைத்திருந்தால், வேலைப் பளு இரட்டிப்பாகியிருக்கும். அவ்வளவே.

சுற்றியிருப்பவர்கள் இடம் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது, 1991-இல் புதுக்கோட்டையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கூலி வேலைக்காரர்கள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள் என்று ஆயிரமாயிரம் பேர் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கியவர்களும் உண்டு. அதுவரை கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போக அப்பாவையோ அண்ணனையோ கணவரையோ எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். தனியாக ஒருத்தி ஏறியிருந்தால் ஊர் வாய்க்கு அவள் ஒருத்தியே பதில் சொல்ல வேண்டியிருக்கும். தெருவே ஏறியதால், கேலி பேசியவர்களும் ஒரு கட்டத்தில் வழிவிட்டார்கள். மாறுவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று பெண்களிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வழிவிடுவது எப்படி என்று வீட்டாருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

அடுத்த ஆண்டு நம் இதழ் இதைத் தொடர்ந்து பேசப்போகிறது. நாற்பதைத் தாண்டி நீங்கள் தொடங்கியதையோ, நிறுத்தியதையோ எழுதி அனுப்புங்கள். கூடவே, அதற்காக வீட்டில் யார் எந்த வேலையை ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் போடமாட்டோம். ஆண் வாசகர்களிடமிருந்தும் கடிதங்களை எதிர்பார்க்கிறேன். பொங்கல் இதழிலேயே முதல் கடிதங்களை வெளியிட ஆசை.

அன்புடன்,
ஆசிரியர்