சிபார்சும் சர்வகலாசாலையும்

அமெரிக்காவில் உயர்தரக் கலாசாலைகளில் இடம் நாடும் மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. விடுமுறையில் ஒரு செனட்டரின் காரியாலயத்தில் சில வாரங்கள் பயிற்சி ஊழியம் செய்து, அவரிடம் ஒரு சிபார்சுக் கடிதமும் பெற்றுவிட்டால் கலாசாலைக் கதவு தானே திறந்துவிடும் என்பதே அது. இது எவ்வளவு தூரம் உண்மை? உண்மையாயின், நியாயந்தானா?

விதிவிலக்கு ஒன்றை முதலிற் சொல்லிவிடுவோம். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையிலும் அனாபொலிஸ் கடற்படைக் கலாசாலையிலும் சேருவோரிற் பெரும்பாலோர் காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவரால் பிரேரேபிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அது ஊரறிந்த விதி. சாதாரணக் கலாசாலைகளில் அத்தகைய விதி கிடையாது. அவை பொதுவாகக் கேட்பது, வகுப்பில் மாணவனை நேரிற் கண்ட ஆசிரியரின் கடிதத்தையே. பெயரளவில் மட்டும் அவனை அறிந்த பிரமுகர் எழுதும் புகழுரை, கையெழுத்தைக் கண்டு மயங்காத அதிகாரிக்கு வெறுங் காகிதமே.

ஆனால் மயங்கியவர்களும் உண்டு. இல்லினாய் மாகாண சர்வகலாசாலையில், செல்வாக்குள்ளோரின் சிபார்சு பெற்ற மனுதாரர்களுக்கென ஒரு தனி ஜாபிதா இருந்ததை 2009-ம் ஆண்டில் 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகை அம்பலப்படுத்தியது. ஐந்தாண்டுகளில் சுமார் 800 பேர் அதில் இடம் பெற்றிருந்தனர். சட்டசபை அங்கத்தினர்களும் சர்வகலாசாலை டிரஸ்டிகளும் அவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தனர். விசாரணை நடந்தது, சர்வகலாசாலைத் தலைவரும் டிரஸ்டிகளிற் பலரும் பதவி துறந்தனர். ஆனால் அந்த ஆண்டுகளில் இடம் இழந்த ஏழை மாணவனுக்கு யார் பதில் சொல்வது? ஜனங்களின் வரிப்பணம் பெறும் ஸ்தாபனத்தில் ஜனங்களின் பிரதிநிதியே குறுக்கு வழி திறப்பது, வேலியே பயிரை மேய்வதாகும்.

பயிற்சி ஊழியத்தின் கதையும் இதுவே. சம்பளமின்றி வாஷிங்டனில் வாடகை கொடுத்துத் தங்கச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இயலும். காங்கிரஸின் இரு சபைகளும் 2018-ல் பயிற்சி ஊழியர்களுக்குச் சம்பளம் அளிக்க நிதி ஒதுக்கின. வெள்ளை மாளிகை 2022-ல் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. நெடுநாள் தாமதித்தேனும் செய்யப்பட்ட நல்ல காரியம் இது.

ராஜீய ஊழியம் வீண் என்பது நமது கட்சியல்ல. தொகுதி ஜனங்களின் குறைகளைக் கேட்டு, சட்டம் உருவாகும் விதத்தை அருகிருந்து கண்ட மாணவன், தான் கற்றதைத் தன் சொந்த வார்த்தையில் எழுதினால் அதற்கு மதிப்புண்டு. அந்த மதிப்பு அவன் செய்த வேலைக்கே உரியது. அவன் நின்ற வாசலுக்கு அல்ல.

ஆகவே பிரமுகர்களுக்கு நாம் சொல்வது இதுவே: தாங்கள் அறியாத பிள்ளைக்குக் கையெழுத்திடாதீர்கள். ஜனங்கள் தந்த செல்வாக்கு ஜனங்களின் சொத்து. அதைச் சிநேகிதர் வீட்டுக்குச் சீராக அனுப்ப ஒருவருக்கும் உரிமையில்லை. சர்வகலாசாலைகளும் அத்தகைய கடிதங்களைத் திருப்பி அனுப்பும் துணிவு கொள்ளட்டும். தகுதிக்கு வேறு சிபார்சு வேண்டாம்.