ஓடும் சர்வரில் அடாப்டரைக் கழற்றும் முறை

ஐபிஎம் நிறுவனத்தின் பவர் வகை சர்வர்களை வாங்குகிறவர்கள் அவற்றை ஒரே கணினியாக வைத்துக்கொள்வது அரிது. ஒரே பெட்டியைப் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் தனி இயங்குதளத்தை ஓட்டுவார்கள். இந்தப் பங்கை அத்துறையினர் 'எல்பார்' என்பார்கள். நாம் பிரிவு என்றே சொல்வோம். பிரிவுகளுக்கு அடியில் இருந்து பங்கீட்டைக் கவனிக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். வெளியிலிருந்து எல்லாவற்றையும் நிர்வகிக்கும் தனிக் கணினி எச்எம்சி.

பிரிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வன்பொருளைச் சேர்க்கவும் நீக்கவும் 2002-இல் வந்த ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 5.2 இயங்குதளம் வழி செய்தது. 2004-இல் பவர்5 சர்வர்களோடு மெய்நிகர் அடாப்டர் வந்தது. மெய்நிகர் அடாப்டர் என்பது கையில் எடுக்கக்கூடிய அட்டை அல்ல. அப்படி ஒரு அட்டை செருகப்பட்டிருப்பதாக ஹைப்பர்வைசர் பிரிவுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். உண்மையான அட்டை பெரும்பாலும் விஐஓஎஸ் என்ற சேவைப் பிரிவிடம் இருக்கும். வட்டுக்கான மெய்நிகர் ஸ்கஸி அடாப்டரை எடுத்துக்கொண்டால், பயன்படுத்தும் பிரிவில் ஒரு முனையும் விஐஓஎஸ்ஸில் ஒரு முனையும் இருக்கும்.

கையில் எடுக்க முடியாத இந்த அட்டை நான்கு இடங்களில் பதிவாகியிருக்கிறது: இயங்குதளத்தின் சாதனப் பட்டியல், ஹைப்பர்வைசர், விஐஓஎஸ், கடைசியாக எச்எம்சியில் உள்ள புரொஃபைல். பிரிவை உயிர்ப்பிக்கும்போது அதற்கு என்னென்ன தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் குறிப்புதான் புரொஃபைல். நான்கிலிருந்தும் நீங்கினால்தான் அடாப்டர் நீங்கியதாகப் பொருள்.

முதல் வேலை, எதைக் கழற்றுகிறோம் என்று உறுதி செய்வது. இயங்குதளம் ஓர் அடாப்டரை 'விஸ்கஸி1' என்று அழைக்கும். அந்த 1 ஸ்லாட் எண் அல்ல. இருப்பிடக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். அதில் 'வி3-சி12' என்றிருந்தால் மூன்றாம் எண் பிரிவின் பன்னிரண்டாம் ஸ்லாட் என்று பொருள். எச்எம்சியில் நீக்க வேண்டியது இந்தப் பன்னிரண்டைத்தான். பெயரிலுள்ள எண்ணை நம்பினால் வேறோர் அடாப்டரில் கை வைத்துவிடுவோம்.

அடுத்து, அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வட்டுக்கு இரண்டு விஐஓஎஸ் வழியாக இரண்டு பாதைகள் இருப்பது வழக்கம். மற்றப் பாதை உயிரோடு இருக்கிறதா என்பதை 'எல்எஸ்பாத்' கட்டளை காட்டும். இருந்தால், நீக்கவிருக்கும் அடாப்டரின் பாதைகளை மட்டும் முதலில் எடுக்கலாம். வலையமைப்பு அடாப்டரானால் அதன்மேல் உள்ள இடைமுகத்தைப் பிரித்துவிட வேண்டும். பிறகுதான் சாதனத்தை நீக்கும் 'ஆர்எம்டெவ்'. இக்கட்டளையை மட்டும் கொடுத்தால் சாதனம் செயலிழக்கும், ஆனால் பட்டியலில் பெயர் நிற்கும். 'டி' என்ற தேர்வைச் சேர்த்தால் பெயரும் போகும். யாராவது இன்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தால் 0514-062 என்ற எண்ணோடு, சாதனம் வேலையாக இருக்கிறது என்று ஏஐஎக்ஸ் மறுக்கும். பலருக்கு இந்த மறுப்பு எரிச்சலூட்டும். உண்மையில் இது நமக்குச் சாதகமானது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்க நேரம் தருகிறது.

இயங்குதளத்தில் நீக்கிய பிறகே, ஸ்லாட்டை நீக்க எச்எம்சிக்குப் போக வேண்டும். அது பிரிவோடு பேசுவது ஆர்எம்சி என்ற சேவை வழியாக, 657-ஆம் போர்ட்டில். ஃபயர்வால் அந்தப் போர்ட்டை அடைத்திருந்தால் வேலை நடக்காது. ஆர்எம்டெவ் கொடுத்துவிட்டு எச்எம்சியில் நீக்காமல் விட்டாலும் சிக்கல்தான். வேறு யாராவது, சாதனங்களைத் தேடிச் சேர்க்கும் 'சிஎஃப்ஜிஎம்ஜிஆர்' கட்டளையைக் கொடுத்தால் அடாப்டர் மறுபடி வந்து நிற்கும். பிரிவின் முனை போனபின், விஐஓஎஸ்ஸில் வட்டு இணைப்பை அவிழ்த்து அங்குள்ள முனையையும் இதேபோல நீக்க வேண்டும்.

சேமிப்பகத்தோடு இணைக்கும் ஃபைபர் சேனல் வகைக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஒவ்வொரு மெய்நிகர் ஃபைபர் சேனல் அடாப்டருக்கும் டபிள்யூடபிள்யூபிஎன் எனும் முகவரிகள் இரண்டு உண்டு. சேமிப்பகம் பிரிவை அடையாளம் காண்பது இவற்றால்தான். அடாப்டரை நீக்கினால் ஹைப்பர்வைசர் அந்த முகவரிகளைத் திரும்ப யாருக்கும் தராது. அதே ஸ்லாட்டில் புதிதாகச் சேர்த்தால் புதிய முகவரிகளே வரும், சேமிப்பகமோ பழையவற்றையே எதிர்பார்க்கும். நீக்குவதற்கு முன் இரண்டையும் குறித்து வையுங்கள்.

மீதமிருப்பது புரொஃபைல். ஓடும் பிரிவில் செய்த மாற்றம், அதற்கான அமைப்பு இல்லாவிட்டால், புரொஃபைலில் தானாக ஏறாது. சாதாரண மறுதொடக்கத்தில் இது தெரியாது, ஏனென்றால் அப்போது புரொஃபைல் படிக்கப்படுவதில்லை. பல மாதம் கழித்துப் பிரிவை முழுவதும் நிறுத்தி புரொஃபைலால் உயிர்ப்பிக்கும் நாளில், நீக்கிய அடாப்டர் திரும்பி வரும். அன்று பணியில் இருப்பவர் வேறொருவராக இருக்கலாம். என் பார்வையில் கட்டளைத் தவறுகளைவிட இந்த மறதியே அதிகக் குழப்பம் தருகிறது. அடாப்டரை நீக்கிய அன்றே, பிரிவின் புரொஃபைலோடு விஐஓஎஸ்ஸின் புரொஃபைலையும் திருத்திவிடுங்கள்.