விறகும் விளக்கும்



அடுப்பில் விறகு எரிவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் அங்கே எரிவது எது என்று உற்று நோக்கியோர் சிலரே. சுடர் கட்டையின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. சற்று விலகியே தொடங்குகிறது. வெப்பம் தாக்கியவுடன் விறகு தன்னுள் அடங்கிய வாயுக்களை வெளியேற்றுகிறது. அவ்வாயுக்கள் காற்றோடு கலந்து எரிவதே சுடர். எரியாமல் தப்பி ஓடுவதே புகை. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக் கருவேல மரத்தை அடுக்கி, மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுகிறார்கள் அல்லவா? அங்கே நாட்கணக்கில் எழும் புகையோடு விறகின் ஆற்றலில் பெரும்பங்கு வீணே வானத்திற்குப் போய்விடுகிறது.

அவ்வாயுவைப் பிடித்துக் குழாய் வழியே செலுத்தி விளக்கெரிக்கலாம் என்று கண்டவர் பிலிப் லெபோன் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். 1799-இல் அதற்கு உரிமப் பட்டயமும் பெற்றார். இது சாண எரிவாயு அன்று என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். சாண எரிவாயு, காற்றுப் புகாத தொட்டியில் ஈரமான சாணத்தை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் உண்டாவது. விறகு வாயுவோ நெருப்பின் பிள்ளை. அதற்கு ஈரமே பகை.

உயரமான இரும்புக் கலம் ஒன்றில் சிறு துண்டுகளாக்கிய உலர்ந்த விறகை நிரப்புகிறார்கள். முழுவதும் எரிவதற்குப் போதாத அளவுக்கே காற்றை உள்ளே விடுகிறார்கள். விறகில் ஒரு பகுதி எரிந்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பத்தில் எஞ்சிய விறகு கரியாகிறது. எரிந்ததனால் உண்டான கரியமில வாயுவும் நீராவியும் அந்தத் தணற்கரியின் ஊடே இழுக்கப்படும்பொழுது, அவை மாற்றமடைந்து கார்பன் மோனாக்ஸைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளிவருகின்றன. இவ்விரண்டும் எரியக்கூடியவை. வெளிவரும் வாயுவில் இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மீத்தேன் சிறிதளவு. பாதியளவு நைட்ரஜன், காற்றோடு வந்து வெறுமனே உடன்செல்லும் பயணி அது. ஆகையால் இவ்வாயு வலுக் குறைந்தது; இயற்கை எரிவாயுவின் வெப்பத்தில் ஏழில், எட்டில் ஒரு பங்கே இதற்கு உண்டு. எனினும் இயந்திரத்தை ஓட்ட இது போதும். ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ விறகு செலவாகும்.

இதனைப் பெருமளவில் உலகம் கையாண்டது போர்க்காலத்தில். ஆல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பேர் 1920-களில் வாகனங்களுக்கேற்ற கலம் ஒன்றை வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் வரத்து நின்றபோது ஜெர்மனியில் இலட்சக்கணக்கிலும், சுவீடனில் 70,000-க்கு மேற்பட்டும் இத்தகைய வண்டிகள் ஓடின. பேருந்தின் பின்னால் ஒரு கொதிகலம் போன்று தொங்கும். ஓட்டுநர் காலையில் நெருப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும். வழியில் விறகு போட வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். வடிகட்டியில் படிந்த தாரையும் கரித்தூளையும் துடைக்க வேண்டும். போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் ஒரு சில ஆண்டுகளிலேயே இவ்வண்டிகள் மறைந்தன. அந்த ஓட்டுநர்களை நாம் குறைகூற இயலுமா?

மற்றோர் ஆபத்தும் இருந்தது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்நாளில் வண்டிக் கொட்டகைகளில் மயங்கி விழுந்தோரும் மடிந்தோரும் உண்டு. குளிர் மிகுந்த மலைவாழிடங்களில், மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கியோர் விடியலில் பிணமாகக் கிடந்ததை நம் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். அங்கும் கொலைகாரன் இதே வாயுதான். இயந்திரம் ஓடும்பொழுது அது வாயுவை உறிஞ்சுவதால் கலத்தில் ஓட்டையிருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமேயன்றி, வாயு வெளியே வராது. நெருப்பு மூட்டும்போதும், நிறுத்தும்போதும், மூடியைத் திறந்து விறகு போடும்போதுமே பெருந்தீங்கு நேரும். ஆகவே இக்கலத்தை நாற்புறமும் திறந்த கொட்டகையில் அமைப்பதே முறை. இடம் போதவில்லை என்று சுவர் எழுப்பி அடைத்துவிட எவரேனும் முற்பட்டால், அன்பர்களே, தயவு செய்து தடுத்து விடுங்கள்.

நிற்க. நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில், தும்கூர் மாவட்டத்தில் ஹோசஹள்ளி என்றொரு சிற்றூர். அங்கு 1988-இல் மின்கம்பி எட்டவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமுல்யா ரெட்டி 1974-இல் தொடங்கிய 'ஆஸ்த்ரா' என்னும் ஊரகத் தொழில்நுட்ப அமைப்பின் முயற்சியால், அவ்வாண்டில் அவ்வூரில் விறகு வாயுக்கலம் ஒன்று நிறுவப்பட்டது. டீசல் இயந்திரம் ஒன்று சிறிதளவு டீசலும் பெருமளவு விறகு வாயுவும் உண்டு மின்சாரம் தந்தது. வீடுகளில் விளக்கெரிந்தது; குடிநீர் குழாயில் வந்தது; மாவரைக்கும் இயந்திரம் ஓடியது; பின்னர்ப் பாசனத்திற்கும் நீர் இறைக்கப்பட்டது. விறகுக்கென்று ஊரருகே மரங்களும் வளர்க்கப்பட்டன. தண்ணீர்க்குடம் சுமந்து தேய்ந்த இடுப்புகளுக்கே விளக்கினும் குழாய் பெரிது என்பது தெரியும்.

2004-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையொன்றின்படி, அதற்கு முந்தைய ஆறாண்டுகளில் நூற்றுக்கு 85-க்கு மேற்பட்ட நாட்களில் அங்கே விளக்கும் குடிநீரும் தடையின்றிக் கிடைத்தன. இதனினும் எண்ணத்தக்க கணக்கு ஒன்று அதில் உண்டு. 20 கிலோவாட் திறனுள்ள அந்நிலையத்தை முழுச் சுமையில் ஓட்டினால், எரிபொருளும் பராமரிப்பும் சேர்ந்து ஒரு யூனிட்டுக்கு 3 ரூபாய் 34 காசு. 5 கிலோவாட் சுமையில் ஓட்டினால் 5 ரூபாய் 85 காசு. வெறும் விளக்குக்காக மட்டும் மாலையில் ஓட்டும் ஊர் நட்டப்படும். பகலில் மாவரைக்கவும் நீர் இறைக்கவும் ஓட்டும் ஊர் தாக்குப்பிடிக்கும். இதை முன்கூட்டிப் பாராமல் எத்தனை நல்லெண்ணத் திட்டங்கள் துருப்பிடித்தனவோ! மானியத்தில் வந்த நீரிறைக்கும் கலங்கள் பலவற்றில் டீசல் இயந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, விறகுக் கலத்தை மூலையில் தள்ளியோரும் உண்டு. இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தோர், அதைத் துடைக்கும் கைக்கு என்ன கூலி என்று கேட்க மறந்தனர்.

பீகாரில் 2007-இல் நெல் உமியைக் கொண்டு இதேபோல் ஊர்களுக்கு மின்சாரம் தரத் தொடங்கிய நிறுவனமும், பிற்காலத்தில் சூரிய ஒளித் தகடுகளையும் துணைக்கு அழைத்துக்கொண்டது. இன்று மின்கம்பியும் சூரியத் தகடும் வந்துவிட்ட ஊரில், விளக்குக்கென்று மட்டும் விறகுக் கலத்தை வாங்குமாறு நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஆனால் அரிசி ஆலைகளிலும், தேங்காய்ச் சிரட்டை குவியும் எண்ணெய்ச் செக்கடிகளிலும், மரத்துண்டுகள் மிஞ்சும் அறுவை ஆலைகளிலும் நிலைமை வேறு. அங்கே கழிவு கையருகே கிடக்கிறது. ஆளும் பகல் முழுதும் இருக்கிறார். அதிலும் நெல்லையோ கொப்பரையையோ உலர்த்தும் வெப்பத்திற்காக மட்டும் எரிப்பதாயின், வாயுவை அவ்வளவு தூய்மை செய்யவும் வேண்டியதில்லை; இயந்திரத்தைக் கெடுக்கும் தாரும் சுடரிலேயே எரிந்து போகும். வாங்க விழைவோர், விற்பவரின் துண்டு வெளியீட்டை நம்பாமல், ஓராண்டேனும் ஓடிய கலம் உள்ள இடத்திற்குச் சென்று, அதிகாலையில் அதை மூட்டுபவரிடம் விசாரியுங்கள். முதலாளியிடம் கேட்டால் விலைதான் தெரியும்.