கண்ணில் படாத துகளே தீர்ப்பு சொல்லும்

நான்கு குவார்க்குத் துகள்களுக்கு இனிப் பஞ்சமில்லை. 2003-இல் ஜப்பானின் பெல் ஆய்வில் எக்ஸ்(3872) அகப்பட்டதிலிருந்து பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால், அவற்றில் ஏறத்தாழ எல்லாமே பிறந்த வேகத்தில் வலுவான அணுக்கரு விசையால் உடைந்துவிடுபவை. அதனால் ஒரு தகராறு தீரவே இல்லை: நான்கு குவார்க்குகளும் ஒரே துகளாக இறுகியிருக்கின்றனவா, அல்லது குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் இணைந்த மெசான்கள் இரண்டு லேசாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவா? இதைத் தீர்க்கும் வலு, இன்னும் யாரும் காணாத ஒரு துகளுக்குத்தான் உண்டு என்பேன். இரண்டு பாட்டம் குவார்க்குகளும், அப், டவுன் எதிர்க்குவார்க்குகளும் சேர்ந்த டெட்ராகுவார்க் அது.

2017-இல் இயற்பியலாளர்கள் மாரெக் கார்லினரும் ஜொனாதன் ரோஸ்னரும் அதன் நிறையை 10,389 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று கணித்தார்கள். அது உடைந்தால் கிடைக்கக்கூடிய இரண்டு மெசான்களின் கூட்டு நிறையே எல்லை; அந்த எல்லையைவிட இது 215 குறைவு (இனி வரும் நிறை, ஆற்றல் எண்களும் இதே அலகில்). உடைவதற்கான ஆற்றலே கையிருப்பில் இல்லாததால், வலுக்குறைந்த விசையால் மெல்லச் சிதைவது ஒன்றே அதற்கு வழி. அவர்கள் மதிப்பிட்ட ஆயுள் சுமார் 367 ஃபெம்டோ வினாடி. நம் கணக்கில் அது கணநேரம்கூட இல்லை. ஆனால், வலுவான விசையால் சிதையும் துகள்களுக்கு முன்னால் அது பல கோடி மடங்கு நீண்ட வாழ்வு. காரணம், நிறை. கனத்த குவார்க்குகள் அதிகம் அலைபாய்வதில்லை; நெருங்கி வந்து இறுகுகின்றன. இரண்டு சார்ம் குவார்க்குகள் சேர்ந்தால் பிணைப்பு ஆற்றல் 129. இரண்டு பாட்டம் சேர்ந்தால் 281 என்பது அவர்கள் கணக்கு. இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. இதே முறையில், மூன்று குவார்க்குகளால் ஆன இரட்டை சார்ம் பாரியானுக்கு 2014-இல் அவர்கள் சொன்ன நிறை 3,627. 2017-இல் செர்னின் எல்.ஹெச்.சி.பி. குழு அளந்தது 3,621.

கணிப்புகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே என்பது முதல் ஆட்சேபம். ஐக்டன், குவிக் இருவரும் 215-க்குப் பதில் 121 என்றார்கள். குவார்க்கு இயக்கவியலை மீக்கணினியில் நேரடியாகக் கணக்கிட்ட மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நீல்மணி மாத்தூர் குழுவுக்கு 140-ஐ ஒட்டிய விடை கிடைத்தது. எண்கள் வேறுபடுவது உண்மை. ஆனால், வெவ்வேறு வழியில் போன இந்த மூன்றும் எல்லைக்கு நூறுக்கும் மேல் கீழேயே நிற்கின்றன. பிழை வரம்பைச் சேர்த்தாலும் முடிவு மாறாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. 2021-இல் எல்.ஹெச்.சி.பி. கண்ட இரட்டை சார்ம் டெட்ராகுவார்க், இரு மெசான்களின் எல்லைக்கு வெறும் 0.36 கீழே நிற்கிறது. இவ்வளவு தளர்ந்த பிணைப்பைப் பார்த்தால் மெசான் ஜோடி என்றே தோன்றும். தோன்றட்டும், சார்மின் நிறை எல்லையைத் தொடத்தான் போதும் என்பதே கணிப்பின் சாரமும். அங்கே இரண்டு விளக்கங்களையும் பிரித்தறிய முடியாது. நூறுக்கும் மேற்பட்ட பிணைப்பை லேசான ஒட்டுதலால் விளக்குவது மிகக் கடினம்.

அப்படியானால் ஏன் இன்னும் அகப்படவில்லை? ஒரே மோதலில் இரண்டு பாட்டம் இணைகள் பிறக்க வேண்டும், அதுவும் அருகருகே. இரட்டை பாட்டம் பாரியானையே இன்னும் யாரும் கண்டதில்லை. ஆனாலும் ஒரு தடயம் உண்டு. பாட்டமும் சார்மும் சேர்ந்த பி.சி. மெசான் வழக்கமாக மோதல் புள்ளியிலேயே பிறக்கும். சிலிக்கான் உணரிகளில் பதிந்த தடங்களைப் பின்னோக்கி நீட்டும்போது அதன் பாதை மோதல் புள்ளியைத் தொடாமல் விலகிப் போனால், சற்றுத் தூரம் பறந்து சிதைந்த இரட்டை பாட்டம் துகள் ஒன்றே அதற்குத் தாய். 2018-இல் கெர்ஷானும் பொலுவெக்டோவும் முன்வைத்த யோசனை இது. தாய் பாரியானா டெட்ராகுவார்க்கா என்பதை இது மட்டும் சொல்லாது. பாரியான்கள் ஏராளமாகக் கிடைத்தும் டெட்ராகுவார்க் எல்லைக்குக் கீழே இல்லையென்றால், கனத்த குவார்க்கு ஜோடி பற்றிய இந்தக் கணக்கையே திருத்த வேண்டியிருக்கும்.