உயிர்த்த ஞாயிறு ஆவணப்படம்: எமது நிலைப்பாடு

உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றி பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2023 செப்டெம்பர் 5ஆம் திகதி ஒளிபரப்பிய ஆவணப்படத்தை எங்கள் ஊரான தேற்றாத்தீவில் பொதுவில் திரையிடலாமா என்று எம்மிடம் கேட்கிறார்கள். திரையிட வேண்டும் என்பதே எமது மன்றத்தின் முடிவு.

இது கொழும்பு அரசியல் மட்டுமல்ல. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்த இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. தோளில் பையோடு வந்தவனை ஒருவர் உள்ளே விடாமல் முற்றத்திலேயே மறித்து நின்றார். அவரும் செத்தார். ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளும் செத்தார்கள். அதன்பின் நாடெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு பூசை நின்றது. யூதா ததேயு திருத்தலம் உள்ள எங்கள் ஊருக்கும் அந்த வாரங்களின் பயம் தெரியும்.

படத்தின் முதன்மைச் சாட்சி, கிழக்கின் அரசியல்வாதி பிள்ளையானின் முன்னாள் செயலாளர் அசாத் மௌலானா. 2018இல் புத்தளத்தில், தாக்குதலை நடத்திய சஹ்ரானின் குழுவுக்கும் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சலேக்கும் சந்திப்பு நடந்தது, ராஜபக்சக்கள் ஆட்சிக்கு வர நாட்டில் பாதுகாப்பற்ற நிலை வேண்டியிருந்தது என்கிறார் அவர். கோட்டாபய ராஜபக்ச, சலே, பிள்ளையான் மூவரும் இதை மறுத்துள்ளனர். வெளிநாட்டிலிருந்து ஒருவர் சொன்னதை வைத்து யாரையும் குற்றவாளி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். பின்னால் யார் இருந்தாலும் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்களின் பாவம் அணுவளவும் குறையாது.

ஆனால் இரகசியச் சந்திப்பை நிரூபித்தால்தான் ஆட்சியாளரைக் கேள்வி கேட்கலாம் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. பதவியில் இருந்தபோது நடந்தவை பகிரங்கமாகவே கிடக்கின்றன. 2019 நவம்பர் 18ஆம் திகதி கோட்டாபய சனாதிபதியாகப் பதவியேற்றார். சில நாட்களிலேயே, இந்தத் தாக்குதலை விசாரித்துவந்த குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளர் ஷானி அபேசேகர அங்கிருந்து தூக்கப்பட்டார், அடுத்த ஆண்டு கைதும் செய்யப்பட்டார். அதே திணைக்களத்தின் அதிகாரி நிஷாந்த சில்வா சுவிற்சர்லாந்துக்குத் தப்பிப்போனார். அத்திணைக்களத்தின் எழுநூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் நாட்டைவிட்டுப் போகத் தடை விதிக்கப்பட்டது. தேசிய பாதுகாப்பை முன்வைத்து வாக்குக் கேட்ட ஒருவர், விசாரணை நடத்தத் தெரிந்தவர்களை ஏன் அகற்றினார்? இதற்கு மறுப்பறிக்கை போதாது.

அவருக்கு முன்பிருந்தவரையும் விட்டுவைக்க முடியாது. தாக்குதல் பற்றி இந்தியா 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரித்திருந்தது. பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன, பதில் அமைச்சர் ஒருவரைக்கூட நியமிக்காமல் வெளிநாடு போயிருந்தார். 2023 சனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவரை 100 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்தச் சொன்னது. இது படக்காரர் சொன்ன குற்றச்சாட்டு அல்ல, தீர்ப்பு. தலைவரின் அசட்டையும் இழப்பீட்டுக்குரியது என்று இந்நாட்டு நீதிமன்றம் சொன்னதைப் பெரிய காரியமாகவே நாங்கள் கருதுகிறோம்.

வெளிநாட்டுச் சதி என்று சொல்லிப் படத்தை ஒதுக்குவது எங்களுக்குப் பழகிய கதை. 2011இல் இதே சனல் 4 இறுதி யுத்தம் பற்றிப் படம் வெளியிட்டபோது, பாதுகாப்பு அமைச்சு எதிர்ப்படம் ஒன்றைத் தயாரித்தது. சுயாதீன விசாரணை வரவேயில்லை. 2023 படத்துக்குப் பிறகு அப்போதைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, ஓய்வுபெற்ற நீதியரசர் எஸ்.ஐ. இமாம் தலைமையில் குழு அமைத்தார். குழு எத்தனை வந்தாலும் அது வழக்குக்கு ஈடாகாது.

எனவே படத்தைத் திரையிடுபவர்களையும் பார்ப்பவர்களையும் விசாரணை என்ற பெயரில் பொலிசார் அலைக்கழிக்கக் கூடாது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தைக் காட்டி யாரையும் வெருட்டவும் கூடாது. திரையிடல்களில் கோட்டாபய, சலே, பிள்ளையான் மூவரின் மறுப்பையும் வாசித்துக் காட்டுவோம். சாட்சி சொல்ல முன்வருவோருக்கு அரசு பாதுகாப்பு வழங்கி, அவர்களின் வாக்குமூலத்தைச் சத்தியத்தின் பேரில் பதிய வேண்டும். வழக்கு விபரங்கள் சிங்களத்தோடு தமிழிலும் வெளிவர வேண்டும், பிள்ளைகளைப் பறிகொடுத்த சீயோன் குடும்பங்கள் தாங்களே வாசித்து அறியும்படி.