பஞ்சும் நூலும் பகையா?

செட்டியார்பட்டியில் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியபோது இரவு பத்து மணி இருக்கும். தேநீர்க் கடை ஓரத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பேச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுல ஒரு சண்டை நடக்குது. அதுக்கு ஒரு நியாயம் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

சொத்துச் சண்டையோ என்று எண்ணினேன். இல்லை. பெரியவருக்கு மக்கள் இருவர். மூத்தவர் ஒன்றரை ஏக்கரில் பருத்தி போடுகிறவர். இளையவர் ராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. 2025 ஆகஸ்ட் 19 முதல் வெளிநாட்டுப் பஞ்சுக்கு இறக்குமதி வரி கிடையாது என்று டில்லி அறிவித்ததல்லவா, அன்று மூண்ட சண்டை இது! "வயிற்றில் அடித்துவிட்டார்கள்" என்றார் மூத்தவர். "பஞ்சு மலிந்தால்தான் மில் ஓடும், மில் ஓடினால்தான் எனக்கு வேலை" என்றார் இளையவர். ஒரே அடுப்பில் வெந்த சோற்றைத் தின்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திண்ணையில் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்துவிட்டார்கள்!

"எழுதுகிறேன் ஐயா, பத்திரிகையில் எழுதுகிறேன்" என்று சொல்லி வந்தேன். அதைத்தான் இன்று எழுதுகிறேன். இது ஒரு வீட்டுச் சண்டை அல்ல, தோழர்களே! கரிசல் காடும் பஞ்சாலையும் பக்கம் பக்கமாக இருக்கும் ஊரெங்கும் மூட்டிவிடப்பட்ட சண்டை.

முதலில், நடந்தது என்ன?

2021 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு மொத்தம் 11 விழுக்காடு வரி விதித்தது மத்திய அரசு. உள்நாட்டு உழவனைக் காக்கவே இந்த வரி என்று அன்று சொன்னார்கள். 2022இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அதை நிறுத்திவைத்தார்கள். 2025 ஆகஸ்டில் மறுபடி நீக்கினார்கள். முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், சில நாட்களிலேயே டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள். காரணம் என்ன? அந்த ஆகஸ்ட் மாதத்தில் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா 25 விழுக்காடு வரி போட்டது. 27ஆம் தேதி அதன்மேல் இன்னொரு 25 ஏற்றி 50 ஆக்கிற்று. ஆடை ஏற்றுமதி படுத்தது, திருப்பூர் திகைத்தது. ஆலை முதலாளிகள் கேட்டார்கள், டில்லி கொடுத்தது.

இளைய மகன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாட்டின் நூற்பாலைகளில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. அவை தின்னும் பஞ்சில் மிகப் பெரும் பங்கு வெளி மாநிலங்களிலிருந்து வருவது. பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். 2022 மே மாதம் கண்டி ஒன்று - அதாவது 356 கிலோ பஞ்சு - ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிற்றே, அப்போது திருப்பூரில் பனியன் தொழிலகங்கள் இரண்டு நாள் கதவடைத்ததை மறந்துவிட்டோமா? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவனுக்கும், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் பெண்ணுக்கும் நூல் விலைதான் சோற்று விலை. மறுக்க முடியுமா?

ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். 2022இல் கண்டி லட்சத்தைத் தாண்டியபோது அந்தப் பணம் உழவன் மடிக்குப் போயிற்றா? வடக்கே பருத்தி எடுப்பு அக்டோபரில் தொடங்குகிறது. மார்ச்சுக்குள் பெரும்பாலான உழவர்கள் விற்று முடித்து, கடனை அடைத்துவிட்டு, அடுத்த விதைப்புக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். விலை உச்சி ஏறியது மே மாதத்தில்! மூட்டையைக் கிடங்கில் அடுக்கிவைக்க முடிந்தவன் எவனோ, அவன்தான் உச்சி விலையைக் கண்டான். விலை ஏறும்போது கிடங்குக்காரனுக்கு, இறங்கும்போது உழவனுக்கு. இதுதான் சந்தையின் தருமம்!

இன்னொரு கேள்வி, இளையவருக்கு. பஞ்சு மலிந்த மாதத்தில் உமது கூலி ஏறிற்றா தம்பி? குவிண்டாலுக்கு ஐந்நூறு ரூபாய் விலை இறங்கியது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பத்துக் குவிண்டால் எடுத்த உம் அண்ணனுக்கு ஐயாயிரம் ரூபாய் போயிற்று. அந்த ஐயாயிரம் உமது சம்பளக் கவருக்குள் வந்ததா? வரவில்லை. வீட்டை விட்டுப் போன பணம் வீட்டுக்குத் திரும்பவில்லை. பிறகு எதற்காக அண்ணனோடு சண்டை?

வரி நீக்கிய நேரத்தையும் பாருங்கள். நம் பக்கத்தில் இறவைப் பருத்திக்கு மாசிப் பட்டம் உண்டு. மாசியில் ஊன்றினால் ஆடி, ஆவணியில் வெடிக்கும். ஆவணி பிறந்த கையோடு வந்தது டில்லியின் அறிவிப்பு! பஞ்சு செடியில் இருக்கும்போதே விலைக்குக் குழி வெட்டியாயிற்று. பிறகு டிசம்பர் வரை நீட்டியது, வடக்கே மராட்டியத்திலும் குஜராத்திலும் தெலங்கானாவிலும் பருத்தி எடுக்கும் காலத்தில். உழவனைக் காக்க வந்த வரி, உழவன் மூட்டை கட்டும் நாளில் மட்டும் விடுமுறை எடுத்துக்கொள்ளுமாம்!

"அதற்குத்தான் குறைந்தபட்ச ஆதார விலை இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2025-26க்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். காகிதத்தில் இருக்கிறது. அந்த விலை நம் கைக்கு வர வேண்டுமானால், 1970இல் அமைந்த இந்தியப் பருத்திக் கழகம் நம் ஊர்ப் பக்கம் கொள்முதல் நிலையம் திறக்க வேண்டும். திறந்தாலும், ஈரப்பதம் 12 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 8க்கு மேல் போனால் விலையில் பிடித்தம். இப்போது கைப்பேசிச் செயலியிலும் பதிவு செய்ய வேண்டும். மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு, கடன்காரனையும் பார்த்துக்கொண்டு இருக்கிற ஒன்றரை ஏக்கர்க்காரன் என்ன செய்வான்? வாசலுக்கு வரும் வியாபாரியின் தராசில் போட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொள்வான்.

அந்த ஆதார விலையாவது முழுக் கணக்கா? 2004இல் அமைத்த தேசிய உழவர் ஆணையத்துக்கு எம்.எஸ். சுவாமிநாதன் தலைவர். முழுச் சாகுபடிச் செலவோடு பாதி சேர்த்துக் கொடு என்றது அந்த ஆணையம். முழுச் செலவு என்றால் விதை, உரம், கூலி, குடும்பத்தார் உழைப்பு இவற்றோடு, சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும், போட்ட முதலுக்கு வட்டியும் சேரும். டில்லி போடும் கணக்கில் கடைசி இரண்டும் இல்லை. ஆலை முதலாளி தன் கட்டடத்துக்கும் முதலுக்கும் கணக்கு எழுதாமல் நூலுக்கு விலை வைப்பாரா? உழவனின் நிலம் மட்டும் ஓசியா?

அயல்நாட்டுப் பஞ்சு மலிவு என்கிறார்களே, அது எப்படி மலிவாயிற்று? அமெரிக்க அரசு தன் பருத்தி உழவர்களுக்கு அள்ளிக் கொடுத்த மானியத்தை எதிர்த்து 2002இல் பிரேசில் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2005இல் மேல்முறையீட்டிலும் அமெரிக்கா தோற்றது. 2014இல் 30 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஆப்பிரிக்காவின் மாலி, பெனின், புர்க்கினா பாசோ, சாடு என்ற நான்கு ஏழை நாடுகள் 2003இல் அதே மன்றத்தில் எழுந்து, "இந்த மானியம் எங்கள் உழவனைக் கொல்கிறது" என்று முறையிட்டன. கருவூலத்தின் தோளில் ஏறி வருகிற பஞ்சோடு, கண்மாய்த் தண்ணீரையும் கைக்கடனையும் நம்பிய செட்டியார்பட்டிக்காரன் ஓட்டப் பந்தயம் ஓட வேண்டுமாம். இதற்குப் பெயர் போட்டியா?

தோழர்களே! இந்த வட்டாரத்தில் ஆலைகள் எப்படி வந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். 1901இல் கோவில்பட்டியில் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. கரிசலில் கருங்கண்ணி விளைந்தது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் நூற்பாலையை நிறுவினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துகளோடு வரும் பருத்தி ரகங்கள் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவை. காட்டில் பருத்தி வெடித்ததால் ஊரில் கதிர் சுழன்றது. ஆலை, காட்டின் பிள்ளை. பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதற்காகத் தாயைத் தெருவில் விடலாமா?

இந்த மண் உழைப்பவன் கைக்கு எளிதில் வந்ததும் அல்ல. பக்கத்துச் சேத்தூரில் ஜமீன் இருந்த வட்டாரம் இது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் என்று வந்தது. 1970இல் கழக ஆட்சி அதை 15 ஆக்கிற்று. பிறகு பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை. இத்தனைக்குப் பிறகும் 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சராசரிப் பண்ணை 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட முழுதாக இல்லை! இந்தத் துண்டு நிலத்தையும் அவன் விட்டுவிட்டால் என்ன ஆகும்?

ஏக்கர் கணக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது சின்ன இழப்பு. ஊருக்குள் வந்து பாருங்கள். பஞ்சு எடுக்கிற பெண்களுக்கு அது கூலி. பருத்திக்கொட்டை மாட்டுக்குத் தீவனம். மாட்டின் பால் வீட்டுக்கு வரவு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த இனிப்பின் அடியிலும் இப்படி ஒரு பசுவும் ஒரு பிடி தீவனமும் இருக்கின்றன. காய்ந்த பருத்திமாறு அடுப்புக்கு விறகு. அறுப்பு முடிந்தால்தான் மளிகைக் கடைக் கடன் தீரும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை வரும். ஒரு செடி பட்டால், ஊரில் பத்து வரவு படுகிறது.

இளையவரே, உமக்குச் சொல்ல வேண்டியது இதைவிடப் பெரிது. மில்லில் வேலை குறைந்த நாளில் எங்கே போனீர்? அண்ணன் காட்டுக்குத்தான் போனீர். சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தால், முதல் வாரம் சங்க நிதி. அடுத்த வாரம் வீட்டுக் குதிரிலுள்ள தானியம்! அந்தத் தானியம் இருக்கும்வரைதான் உமது முதுகெலும்பு நிமிர்ந்திருக்கும். நாளை ஊரே காட்டை விட்டுவிட்டு மில் வாசலில் வந்து நின்றால்? ஒரு வேலைக்கு நூறு பேர் நின்றால் கூலி ஏறுமா, இறங்குமா? "உனக்குக் கட்டவில்லையானால் போ, வெளியே ஆள் நிற்கிறான்" என்று சொல்ல முதலாளிக்கு வாய் வருவது எப்போது? வயல் செத்த அன்றுதான்! அண்ணன் பருத்திக்கு நல்ல விலை கேட்பது உமது கூலிக்கும் சேர்த்துக் கட்டும் வேலி.

மூத்தவருக்கும் ஒரு சொல். ஆலை மூடினால் நம் பருத்தியை வாங்க ஆள் ஏது? தம்பியின் சம்பளத்தில்தானே உரம் வாங்கினீர், கிணற்று மோட்டாரைப் பழுது பார்த்தீர்? மில் நாசமாய்ப் போகட்டும் என்று வாய் தவறியும் சொல்லாதீர்.

அப்படியானால் கேட்க வேண்டியது என்ன? ஆடை ஏற்றுமதிக்கு இடர் வந்தால் அந்தச் சுமையை டில்லிக் கருவூலம் தாங்கட்டும். வரிச் சலுகையோ, வட்டிச் சலுகையோ ஆலைக்கு நேராகக் கொடுக்கட்டும். உழவன் விலையிலிருந்து பிடுங்கிக் கொடுக்க வேண்டாம். பஞ்சு எடுக்கும் காலத்தில் இறக்குமதி வரியில் கை வைக்க வேண்டாம். மாசிப் பட்டப் பருத்தி வரும் நாளில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கொள்முதல் நிலையம் திறந்திருக்க வேண்டும். விலை முழுச் செலவுக் கணக்கில் அமைய வேண்டும்.

மாநில ஆட்சிக்கும் பொறுப்பு உண்டு; ஆட்சியில் யார் அமர்ந்தாலும் இதைக் கேட்போம். பருத்தி போன்ற வணிகப் பயிர்களுக்கு ஏலச் சந்தை வேண்டும் என்று 1933இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்தது. இன்று அந்தக் கூடங்களில் மூட்டையை வைத்து, மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் வாங்க வழி இருக்கிறது. விலை இறங்கிய நாளில் விற்காமல் காத்திருக்க உழவனுக்கும் ஒரு கிடங்கு! இதை எத்தனை பேருக்கு நாம் எடுத்துச் சொன்னோம்? கிளைச் செயலாளர்களே, இந்த அறுப்புக்கு முன் வீடு வீடாகச் சென்று சொல்லுங்கள். கண்மாய் தூர் எடுத்தார்களா என்று போய்ப் பாருங்கள். ஆலைத் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்கு உழவர்களை அழைத்து உட்கார வையுங்கள்.

வள்ளுவர் உழவுக்கென்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார், 104ஆவது அதிகாரம். மேடைதோறும் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். உழவன் மூட்டைக்கு விலை வாங்கிக் கொடுத்துவிட்டு அதைச் சொன்னால் நமக்கு அழகு.

பெரியவரே! நியாயம் கேட்டீர்கள். உங்கள் மக்கள் இருவர் பசியும் மெய். இருவர் கணக்கும் சரி. சண்டை போட்ட இடம்தான் தவறு. இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். அடுத்த முறை பருத்தி விலைக்காக உழவர்கள் விற்பனைக்கூடத்தின் முன் கூடும்போது, மூத்தவருக்குப் பக்கத்தில் இளையவர் நிற்கட்டும். கூலிக்காக ஆலை வாசலில் கொடி ஏறும்போது, இளையவருக்குப் பக்கத்தில் மூத்தவர் நிற்கட்டும். செட்டியார்பட்டியில் ஒரு வீட்டில் இது நடந்தால் போதும். அடுத்த வீட்டுக்குச் சொல்ல நாங்கள் வருகிறோம்.