வளையல் லென்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பையன் கையில் கொட்டேஷனோடு வந்து நின்றான். "குழந்தைங்களை மட்டும் போட்டோ எடுக்கற ஸ்டூடியோ வைக்கப் போறேன் மாமா."

காமிரா பாடி மட்டும் இரண்டேகால் லட்சம்!

"லென்ஸ்?"

"இப்போதைக்கு ஓசி மாமா. ஃப்ரெண்டோட ஜூம்."

"பணம்?"

பதில் வரவில்லை. பின்னால் நின்ற அக்கா முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். வளையல் அடகுக்குப் போகப் போகிறது!

அவனை உட்கார வைத்தேன். "ஒரு வயசுக் குழந்தைக்கு 'ஸ்மைல் ப்ளீஸ்' புரியாதுடா. இந்த நொடி சிரிக்கும், அடுத்த நொடி வெளிநடப்பு செய்யும். ஷட்டர் 1/250 நொடியாவது வேணும், ஓடினா 1/500. அந்த வேகத்துக்கு வீட்டு வெளிச்சம் பத்தாது. ஓசி ஜூம் எஃப்5.6-க்கு ஒடுங்கிடும். 50 மி.மீ., எஃப்1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். விலையும் பாடியில் ஒரு துளிதான்."

"முகத்துக்கு 85 தானே மாமா?"

"ஏபிஎஸ்-சி சென்ஸார்ல 50-ஏ 75, 80 மாதிரி வேலை செய்யும். வைட் லென்ஸோட கிட்டே போனா மூக்கு குடைமிளகா ஆயிடும். பெத்தவ சும்மா விடுவாளா?"

எஃப்1.8-இல் ஒரு சிக்கல் உண்டு. மூக்கு பளிச்சென்று இருக்கும், கண் கலங்கலாக இருக்கும். அதனால் பாடியில் பார்க்க வேண்டியது மெகாபிக்ஸல் அல்ல. கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஆட்டோ போகஸ். அப்புறம் இரண்டு கார்டு போடும் வசதி. ஒரு கார்டு மண்டையைப் போட்டால், முதல் பிறந்த நாளை மறுபடி கொண்டாட முடியுமா?

கடைசியில் இந்த இரண்டும் உள்ள செகண்ட் ஹாண்ட் பாடி ஒன்றும், புது 50-உம் வாங்கினான். அவன் சேமிப்பே போதுமானதாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் இலவசம். எதிர்ப்பக்க நிழலைப் போக்க ஒரு தெர்மகோல் அட்டை.

முதல் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டுப் பாப்பா. பையன் தரையில் குப்புறப் படுத்து, அதன் கண் மட்டத்துக்கு இறங்கிவிட்டான். எல்லாம் தயார். பாப்பா மட்டும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தது. கிலுகிலுப்பை வாங்க மறந்திருந்தான்!

அக்கா, அவன் தலைக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினாள். கலகல! பாப்பா திரும்பியது. பொக்கை வாய்ச் சிரிப்பு. க்ளிக்.

நல்லவேளை, அந்தக் கருவி அடகுக் கடையில் இல்லை.